உச்சரிப்பு மட்டும் சொல்லிக்கொடுத்தேன்

‘நட்டுரே’ என்ற சொல்லை ஒரே நாளில் நாற்பது தடவை கேட்டால் தலை என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து மூன்று வருடம் அதைத்தான் கேட்டேன். இயற்கை என்பதற்கு இங்கிலீஷில் நேச்சர் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் இது. எழுத்து மறந்துவிடக்கூடாது என்பதற்காக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதை எழுதியிருக்கிறபடியே ‘நட்டுரே, நட்டுரே’ என்று சொல்லி உருப்போடுவார்கள். ஃப்யூச்சர் அவர்களுக்குப் ‘புட்டுரே’. நாலெட்ஜ் ‘கினவ்லெட்கே’. தாளில் எழுதச் சொன்னால் ஒரு எழுத்து பிசகாது. வாசிக்கச் சொன்னால்தான் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அது பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் படிக்கிற டுட்டோரியல். தோற்றவர்கள் என்று யாரும் வாயெடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. போர்டில் ‘மறுமுயற்சி மாணவர்கள்’ என்றுதான் எழுதியிருந்தார். தன்னைப் பிரின்ஸ்பால் என்று அழைக்கச் சொல்வார். கணக்கும் அறிவியலும் அவர் எடுப்பார், இங்கிலீஷ் நான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே யூரியா வாடை, பின்னால் தெருவில் தறிச் சத்தம். பங்குனி மாத மதியத்தில் அந்த மாடியில் நின்று பாடம் நடத்திவிட்டு இறங்கினால், வீட்டுக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவர் யாரென்றுகூட முகம் தெரியாது. அப்படி ஒரு அசதி.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு சர்க்கார் பள்ளிக்கூட வேலைக்காகக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள் என்பதும் ஒரு காரணம். எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வீட்டில் யாராவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொன்னால், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் உச்சரிப்பில் புலியானேன். மற்றவர்கள் தப்பாகச் சொன்னால் நானும் அதே மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டேன். நல்ல பழக்கம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு ராகம் உண்டு. சி, ஏ, டி, கேட், கேட்டுன்னா பூனை. டி, ஓ, ஜி, டாக், டாக்குன்னா நாய். வாத்தியார் முதலில் சொல்ல, வகுப்பு மொத்தமும் பின்னால் இழுக்கும். மூன்றாம் வகுப்பில் ஆரம்பிக்கிற இந்த ராகம் பத்தாம் வகுப்பு வரைக்கும் மாறாது. டுட்டோரியலுக்கு வந்த தடியன்களும் அதையேதான் பாடினார்கள். என், ஏ, டி, யூ, ஆர், ஈ, நட்டுரே, நட்டுரேன்னா இயற்கை. கோயில் பஜனை மாதிரி போகும். அதற்குள் தூங்குகிறவன் தூங்கலாம், வாயசைக்கிறவன் வாயசைக்கலாம்.

எனக்கு அந்த ராகத்தைக் கேட்டாலே எரிச்சலாக வரும். முதல் வருடம் பொறுத்துப் பார்த்தேன். இரண்டாம் வருடம் நானே ஒரு முறையை உண்டாக்கினேன். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் பெரிய பெரிய எழுத்தில் எழுத்துக்கூட்டுகளை வகை வகையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். கே, ஐ, டி என்றால் கிட். கடைசியில் ஒரு ஈ-யைச் சேர்த்தால் கைட். ஹெச், ஓ, பி என்றால் ஹாப். ஈ-யைச் சேர்த்தால் ஹோப். “இந்தக் கடைசி ஈ வாயே திறக்காது. ஆனா அது வந்து உட்கார்ந்ததும் நடுவுல இருக்கிற எழுத்துக்குக் குரல் மாறிரும். மாமியார் வந்து மூலையில உட்கார்ந்தாப்பல” என்பேன். வகுப்பு சிரிக்கும். கே-யும் என்-னும் முதலில் சேர்ந்து வந்தால் கே ஊமை. டபிள்யூவும் ஆரும் வந்தால் டபிள்யூ ஊமை. டி, ஐ, ஓ, என் நான்கும் சேர்ந்தால் ஷன். டி, யூ, ஆர், ஈ சேர்ந்தால் ச்சர். ஒழிந்தது நட்டுரே.

ஒழிந்தது என்று நான் நினைத்த அன்றைக்கே ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு பேர் வந்து என் மானத்தை வாங்கினார்கள். ஒரு சொல்லில் த்ரூ, இன்னொன்றில் டஃப், இன்னொன்றில் காஃப், இன்னொன்றில் தோ. வீரசோழன் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன், சவுதிக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து நின்று கேட்டான். “டீச்சர், ஒண்ணுகூட ஒரே மாதிரி இல்லையே. இதை வச்சுக்கிட்டு எப்படி நம்மளை ஆண்டாங்க?” “அது அப்படித்தான், உட்காரு” என்றேன்.

என் முறையில் இன்னொரு காரியமும் செய்தேன். அதைத்தான் இத்தனை நேரமாகச் சொல்ல வருகிறேன். ராகத்தின் வாலை வெட்டினேன். கேட் என்று சொன்னால் போதும், கேட்டுன்னா பூனை வேண்டாம். அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் பழைய பஜனை திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். நாற்பது நிமிஷ வகுப்பில் பாதி நேரம் அந்த வாலுக்கே போய்விடுகிறது என்று கணக்குப் பார்த்தேன். “அப்படின்னா, அப்படின்னான்னு யாரும் இழுக்கக் கூடாது. முதல்ல சத்தத்தைக் கேளுங்க. சத்தம் வந்துட்டா அர்த்தம் தானா வரும்” என்று சொன்னேன். எங்கிருந்து அந்த ஞானம் எனக்கு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்திருக்கலாம்.

மூன்றாம் வருடம் கார்த்திகை மாதத்தில் அந்த அக்கா வந்து சேர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இவர் வந்து நின்றதும், யாரோ ஒரு மாணவனின் அம்மா என்று நினைத்து, “ஒங்க பையன் பேரு என்னக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“நான்தான் டீச்சர் படிக்க வந்திருக்கேன்” என்றார்.

அவர் புருஷன் விருதுநகரில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் கடைநிலை ஊழியராக இருந்தவர். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் சின்னப் பள்ளிக்கூடத்தில். வாரிசு வேலை கேட்டு அக்கா மனுப் போட்டிருந்தார். பத்தாவது பாஸ் செய்திருந்தால் ஆபீஸுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காருகிற வேலை கிடைக்கும், இல்லையென்றால் எதுவும் நிச்சயமில்லை. அக்கா பத்தாவது வரை படித்தவர்தான். எல்லாப் பாடத்திலும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு கல்யாணம் ஆகி, அந்த மார்க் பட்டியலை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்கள்.

“அந்த ஆபீஸ்ல ஒரு சார் நல்லவுக டீச்சர். அவுக சொன்னாக. இந்த மார்ச்சு, விட்டா அக்டோபரு, அதுக்குள்ள பாஸ் பண்ணிட்டு வாம்மா, அதுக்கு மேல பைலை வச்சுக்கிட்டு இருக்க முடியாதுன்னு. இந்த ஒரு பாடந்தான் டீச்சர். முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்.”

முப்பத்தைந்து மார்க். ஒரு வீட்டின் அடுப்பு எரிவதும் எரியாததும் அதில் இருந்தது. அக்கா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதுபோல் சொன்னார். காலையில் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, குளித்து, நகக்கண்ணில் மிச்சம் இருக்கும் கருப்போடு பஸ் ஏறி வருவார். கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காருவார். பஸ் டிக்கெட்டைத்தான் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருப்பார்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், அந்தம்மாவுக்கு வேணுங்கறது முப்பத்தஞ்சு. லண்டனுக்கா போகப்போறாக? அஞ்சு கட்டுரை, நாலு லெட்டரு, பத்துக் கேள்வி. அப்படியே உருப்போட வைங்க. கேள்வியில இந்த வார்த்தை இருந்தா இந்தக் கட்டுரைன்னு அடையாளம் காட்டிருங்க. வேலை முடிஞ்சது. ஒங்க காலண்டரு, மாமியாரு இதெல்லாம் சின்னப் பிள்ளைகளோட வச்சுக்கங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கிளிப்பிள்ளை வளக்கறதுக்கு நான் பி.எட். படிக்கல சார்” என்றேன். இதைச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. சொன்ன பிறகு படிக்கட்டில் இறங்கி வரும்போது பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா என் காலண்டர் தாள்களைப் பார்த்து மயங்கிப்போனார். அவருக்கு அதுவரை இங்கிலீஷ் என்பது ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கல். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமக்க வேண்டும். இப்போது அதற்குள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகமே மாறியது. “இம்புட்டு வருசமா இதை யாருமே சொல்லலையே டீச்சர். சொல்லியிருந்தா அப்பமே பாஸாயிருப்பேனே” என்றார். இரண்டு வாரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டார். நான் சாக்பீஸால் ஒரு புதுச்சொல்லை எழுதி முடிப்பதற்குள் அவர் உதடு அசையும். சரியாக இருக்கும்.

பந்தல்குடி தூத்துக்குடி ரோட்டின் மேல் இருக்கிற ஊர். லோடு லாரிகள் நின்று நின்று போகும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா லாரிகளின் முதுகையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார். மறுநாள் வந்து ஒப்பிப்பார். “நேஷனல் பெர்மிட்டு, டீச்சர். அந்த ஷன்னை ஒடனே பிடிச்சுட்டேன்.” உரக்கடை மூட்டை, மருந்துச் சீட்டு, சோப்புக் கட்டி உறை, எதையும் விடுவதில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்ததைச் சத்தமாக வாசிக்கப்போய், அங்கே இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாராம். “படிச்ச பொம்பளைன்னு நெனைச்சிருப்பாக” என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

இத்தனைக்கும் நடுவில், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது என் வகுப்பின் சட்டம். அக்கா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். எனக்கும் அது தோன்றவில்லை. அவர் வாசிக்கிற அழகிலேயே நான் மூழ்கிக்கிடந்தேன். ஒருநாள் அவர் பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்தபோது, எங்கள் அப்பாவைக் கூட்டிவந்து கேட்க வைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மார்ச் மாதம் இங்கிலீஷ் பரீட்சை வந்தது. அன்று மாலை டுட்டோரியல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் முழுக்க வேர்வை.

“கேள்வித்தாளு முழுக்க வாசிச்சேன் டீச்சர். ஒரு எழுத்து விடல. எங்கயும் தட்டல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “கட்டுரை என்ன வந்துச்சுக்கா? லெட்டர் என்ன கேட்டிருந்தாங்க?” என்றேன்.

அவர் கேள்வித்தாளை விரித்து, விரலை வைத்து, மணிமணியாக வாசித்துக் காட்டினார். ஊரில் நடந்த ஒரு விழாவைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சுலபமான கேள்வி. முதலாளி உருப்போட வைக்கச் சொன்ன நாலு லெட்டரில் அது மூன்றாவது.

“சரிக்கா, அப்படின்னா என்ன?”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ பொறி வைக்கிறேன் என்பதுபோல் ஒரு சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது. “அப்படின்னான்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீக?” என்றார்.

பக்கத்தில் உரக்கடைக்காரர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா கேள்வித்தாளை மடித்து வைத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் டீச்சர்” என்று சொல்லிப் போனார். அவர் அந்த விழாக் கேள்விக்கு மாடு பற்றிய கட்டுரையை எழுதிவைத்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மாடு பற்றியது அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். நான் கிளிப்பிள்ளை வளர்க்க வரவில்லை என்று சொல்லியிருந்தேன். முதலாளியின் கிளிகள்கூட எதையாவது விளங்கிச் சொன்னன. கேட் என்றால் பூனை என்றாவது அவற்றுக்குத் தெரியும். நான் அதையும் பிடுங்கியிருந்தேன். நட்டுரேன்னா இயற்கை என்று கத்தின பிள்ளைகளுக்கு நட்டுரே என்றால் இயற்கை என்று தெரிந்திருந்தது. அக்காவுக்கு நேச்சர் என்று அழகாகச் சொல்ல வந்தது, அவ்வளவுதான்.

ரிசல்ட்டில் அக்காவுக்கு இருபத்தொன்பது மார்க். உச்சரிப்புக்கு அந்தப் பரீட்சையில் மார்க் கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன்.

“அக்டோபர் இருக்குல்ல டீச்சர்” என்று அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார். அக்டோபருக்கு அவரைத் தயார்செய்தே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சொல்லும் அர்த்தமுமாக எழுத ஆரம்பித்தேன். பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை வந்தது.

மூன்று வருடம் காத்திருந்த சர்க்கார் வேலை, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஜூன் மாதமே சேர வேண்டும். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் இருந்தேன், அதை மறைப்பானேன். டுட்டோரியலில் சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா கையில் அந்த நோட்டைக் கொடுத்தேன். மிச்சம் பக்கம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. “அகராதியைப் பாத்து நீங்களே எழுதிக்கங்கக்கா. இனிமே அர்த்தத்தோட படிங்க” என்றேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “ஒங்களுக்கு வேலை வந்ததே எனக்கு வந்தாப்பல இருக்கு டீச்சர்” என்றார். அவர் மனதார அதைச் சொன்னார். எனக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

புதுப் பள்ளிக்கூடம் திருச்சுழியிலிருந்து மண்பாதையில் உள்ளே போக வேண்டும். காலையில் ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு. தண்ணீருக்கு லாரி வரும் நாளில் பாதிப் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள், குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அங்கே நான் போன முதல் நாளே சி, ஏ, டி, கேட், கேட்டுன்னா பூனை என்று வாலோடு பாடவைத்தேன். என் காலண்டர் தாள்களை எடுத்துப் போகவில்லை. பிறகு ஒருநாள், அர்த்தம் சொன்ன பிறகு எழுத்துக்கூட்டு, எழுத்துக்கூட்டு சொன்ன பிறகு சத்தம் என்று ஒரு வரிசை பிடிபட்டது. அது பிடிபடுவதற்கு எனக்கு யார் செலவானார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். முதலாளி அவரைத் தன் ஐந்து கட்டுரை, நாலு லெட்டர் மனப்பாடத்துக்குள் இறக்கிவிட்டிருந்தார். ஆனால் அக்காவால் முடியவில்லை. “முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஏத்துவேன் டீச்சர். இப்ப வாசிக்கத் தெரிஞ்சுபோச்சா, மனப்பாடம் ஏற மாட்டேங்குது. வாசிச்சுப் போயிர்றேன், பின்னாடி ஒண்ணும் நிக்க மாட்டேங்குது” என்றார். நான் அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவரோடு படித்தேன். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகும். சாயங்காலப் பஸ்ஸுக்கு எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபரிலும் தோற்றார். முப்பத்தொன்று. அந்த ஆபீஸிலிருந்த நல்லவர், கடைசியாக ஒரு மனு எழுதிப் போடச் சொன்னார். பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்கான கடைநிலை வேலையாவது தர வேண்டும், இல்லையென்றால் இன்னொரு மார்ச் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று அந்த மனுவில் கேட்டிருந்தார்கள். அக்கா இதை எனக்கு ஒரு போஸ்ட் கார்டில் எழுதியிருந்தார். தமிழில்தான், ஆனால் முகவரியை இங்கிலீஷில் எழுதியிருந்தார். நான் பதில் போட்டேன். பிறகு எதுவும் வரவில்லை.

மாசி மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, “டீச்சர், ஒங்களைத் தேடி யாரோ வந்திருக்காக” என்றாள். வேப்பமரத்தடியில் அக்கா நின்றிருந்தார். பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, அங்கிருந்து மண்பாதையில் நடை. காலில் முழங்கால் வரை புழுதி. சலவைச் சேலை கட்டியிருந்தார். வாருங்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மடியிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தார்.

“முந்தாநாளு வந்துச்சு டீச்சர். ஊருல யாருட்டயும் காட்டல. போஸ்ட்மேன் படிச்சுச் சொல்லவான்னு கேட்டாரு, வேணாம்னுட்டேன். எனக்கே வாசிக்கத் தெரியுமே. பஸ்ஸுல நாலு தடவை வாசிச்சேன். ஒங்க முன்னாடி வாசிக்கணும்னு கொண்டாந்தேன்.”

“குடுங்கக்கா, நான் பாக்கறேன்” என்று கையை நீட்டினேன். அவர் கவரைத் தரவில்லை. “நானே வாசிக்கேன்” என்றார்.

தாளை விரித்தார். ஒரு பக்கம் இந்தி, இன்னொரு பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் பக்கத்தை மேலே வைத்து, விரலை வைக்காமல், நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசித்தார். வித் ரெஃபரன்ஸ் டு யுவர் ரெப்ரசென்டேஷன். ஐ ஆம் டைரக்டட் டு இன்ஃபார்ம் யூ. சாப்பாட்டுத் தட்டோடு போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். தட் யுவர் ரிக்வெஸ்ட் வாஸ் கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கடிதங்களில் கவனமாகப் பரிசீலித்தோம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று சர்க்கார் வேலையில் இருக்கிற எனக்குத் தெரியாதா. பட் த சேம் குட் நாட் பி அக்ஸீடட் டு. அந்த ‘அக்ஸீடட்’ என்ற சொல்லை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பாடத்திலும் கிடையாது. இரண்டு சி சேர்ந்து வருகிற அந்தச் சொல்லில் பட்டதாரிகளே தடுக்கி விழுவார்கள். அக்கா தாண்டிப் போனார்.

முடித்துவிட்டுத் தாளைத் தாழ்த்தினார். “நடுவுல நாட்டுன்னு ஒண்ணு வருது டீச்சர். அதுதான் என்னமோ போல இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கேர்ஃபுல்லின்னு வருதுல்ல. கேர்ஃபுல்னா பத்திரம். அதுனால பத்திரமாப் பாத்திருக்காகன்னு நெனைச்சேன். என்ன போட்டிருக்காக டீச்சர்?”

வேப்பமரத்தடியில் இருந்த கல்லில் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என்னால் சுற்றி வளைத்துச் சொல்ல முடியவில்லை. அர்த்தத்தைத் தள்ளிப்போட்டு நான் பட்டதெல்லாம் போதும்.

“வேலை குடுக்க முடியாதுன்னு போட்டிருக்காங்கக்கா. ரெண்டுமே முடியாதாம். பைலை முடிச்சுட்டாங்க.”

அக்கா அழவில்லை. தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தார். இரண்டு தடவை மடிப்பு சரியாக வரவில்லை, மூன்றாவது தடவை வந்தது. கவருக்குள் வைத்தார். கவரை மடியில் செருகினார். தூரத்தில் தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டது, பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

“நான் வாசிச்சது சரியா இருந்துச்சா டீச்சர்?” என்று கேட்டார்.

“சரியா இருந்துச்சுக்கா” என்றேன். “ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.”